கடலுக்கு எட்டும் அலையை நிறுத்தாதீர்கள்

பிரசார் பாரதி ஆட்சிக் குழுவினருக்கும் வானொலிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என நீளும் இராமநாதபுரக் கரையிலிருந்து எழுதுகிறேன். 200 கிலோவாட் திறனில் நிறுவப்பட்ட தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையை (மீடியம் வேவ்) எந்தச் சிக்கனத்துக்காகவும் கைவிட வேண்டாம். சில ஊர்களில் மத்திய அலையை மூடிப் பண்பலைக்கு (எஃப்.எம்.) மாறியிருக்கிறீர்கள். ஊருக்குள் அது போதும், கடலுக்குப் போதாது.

இங்கிலாந்தின் டிராய்ட்விச் நீண்ட அலை நிலையத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1925இல் டேவன்ட்ரியில் தொடங்கிய நீண்ட அலை ஒலிபரப்பை 1934இல் பிபிசி அங்கே கொண்டுபோனது. அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்குக் கம்பம் நட்டால் அலை நன்றாகக் கிளம்பும். அதற்கு 375 மீட்டர் வேண்டும். அவர்கள் நட்டது 213 மீட்டரில் இரண்டு கம்பங்கள். இரண்டின் உச்சிக்கும் இடையே குறுக்காகக் கம்பிகளை இழுத்து, நடுவிலிருந்து ஒன்றைக் கீழே இறக்கினார்கள். குறுக்குக் கம்பிகள் மின்னேற்றத்தை வாங்கிக்கொள்வதால், இறங்கும் கம்பி முழுக்க மின்னோட்டம் வலுவாக ஓடும். உயரக் குறைவை இப்படி ஈடுகட்டிய அந்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1939இல் போர் மூண்டதும், பகை விமானங்கள் திசை அறிய உதவிவிடும் என்று நீண்ட அலையை நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு தூரம் எட்டிய அலை அது. 1988இல் 200 கிலோஹெர்ட்ஸிலிருந்து 198க்கு மாறியது. அந்த 198இல்தான் பல்லாண்டுகளாகக் கடல் வானிலை அறிக்கையைக் குறித்த நேரத்தில் வாசித்தார்கள்.

அந்த அலை கடலில் அவ்வளவு தூரம் எட்டியதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. அதிர்வெண் குறையக் குறைய அலை தரையை ஒட்டி, பூமியின் வளைவோடு வளைந்து போகும். உப்புநீர் வறண்ட மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், கடல்மேல் போகும் அலை அவ்வளவு சீக்கிரம் தேயாது. நம் நாட்டு வானொலிக்கு நீண்ட அலை இல்லை. அந்த வேலையை இங்கே செய்யக்கூடியது மத்திய அலைதான். பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. 100 மீட்டர்க் கோபுரத்திலிருந்து புறப்பட்டால் படகில் இருக்கும் வானொலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் மங்கிவிடும். கைபேசிக் கோபுரத்தின் எல்லை அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை எங்கள் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் ஒக்கி வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வெளியான நேரத்தில் அவர்கள் எட்டாத தொலைவில் இருந்தார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கரையில் நிற்பவர் பார்ப்பார். முந்தைய நாளே விசைப்படகில் போனவர் எப்படிப் பார்ப்பார்? செயற்கைக்கோள் கருவிகள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சின்ன வத்தையில் போகிறவர் கையில் நான்கு பேட்டரியில் வாரக்கணக்கில் பாடும் டிரான்சிஸ்டரும் இருக்கட்டும். அதில் கேட்பதற்கு ஓர் அலையும் இருக்கட்டும்.

அலையை நிறுத்தாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் தனித்தனியாகக் கடல் அறிக்கை வேண்டும். பகலிலும் இரவிலும் மாறாத நேரத்தில், பாட்டை நிறுத்தியாவது வாசியுங்கள். காற்றின் வேகத்தை எண்ணில் சொல்லும்போது, அது மேற்கிலிருந்து வரும் கச்சானா, வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பராமரிப்புக்காக ஒலிபரப்பை நிறுத்துவதாக இருந்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் மாதங்களைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். அந்தத் தேதியை மீனவர் சங்கங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு வானொலி நேயர்