ஹாஷ்மார்க் ஜான்சன் கதைய சொல்ல உதவின எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நம்ம தமிழ்ப் பள்ளியில நான் ஹாஷ்மார்க்ங்கற பட்டப்பேரு வாங்கின அமெரிக்க மரீன் வீரர் கில்பர்ட் ஜான்சன் பத்தி பேசினது நல்லபடியா முடிஞ்சுது, உதவினவங்களுக்கெல்லாம் தனித்தனியா ஃபோன் போட்டு சொல்லணும்னு தான் இருந்தேன், ரெண்டு பசங்கள வச்சுக்கிட்டு அது நடக்கற காரியமா என்ன, அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

வர முடியாதவங்களுக்காக, யாரு இந்த ஜான்சன்னு முதல்ல சொல்லிடறேன். அலபாமாவுல 1905ல பொறந்த ஒரு கறுப்பின மனுஷர். பாதிரியார் ஆகணும்னு காலேஜ் சேர்ந்துட்டு அத பாதியில விட்டுட்டு 1923ல ஆர்மிக்கு போனாரு, ஆறு வருஷம் இருந்து கார்ப்பரலா வெளிய வந்தாரு, அப்புறம் 1933ல நேவி. அங்க அந்தக் காலத்துல கறுப்பினத்து ஆளுன்னா ஆபீசருக்கு சாப்பாடு பரிமாறறது, ரூம கூட்டிப் பெருக்கறது, இதான் வேலை. அதையே பத்து வருஷத்துக்கு கிட்ட பண்ணிருக்காரு. மரீன் கோர்னு கடல் வழியா போயி தரையில எறங்கி சண்டை போடற தனிப் படை, அதுல அந்த வேலைக்கு கூட கறுப்பினத்தவர சேத்துக்கல. அதிபர் ரூஸ்வெல்ட் 1941ல உத்தரவு போட்டு, அப்ப மரீன் தலைமையில இருந்த தாமஸ் ஹோல்கம்புக்கு துளியும் இஷ்டம் இல்லாம, 1942ல தான் சேத்துக்கிட்டாங்க, அதுவும் மத்தவங்களோட சேர்த்து இல்ல, தனி கேம்ப். அந்த கேம்ப் பேரு மான்ட்ஃபோர்ட் பாயின்ட், நம்ம நார்த் கரோலினாவுல ஜாக்சன்வில் பக்கத்துலயே இருக்கு, நாம பீச்சுக்கு போற வழி, எத்தன வாட்டி தாண்டிப் போயிருப்போம்!

கேம்ப் திறந்த உடனே நேவியில இருந்து மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டு ஜான்சன் வந்து நிக்கறாரு, வயசு 37, கூட ட்ரெயினிங் எடுக்கறவனெல்லாம் பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன்.

இப்ப நன்றிக்கு வரேன். முதல் நன்றி எங்க எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு. பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு, ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். சாதாரண சிப்பாயா சேர்ந்து மாஸ்டர் சார்ஜென்ட் வரைக்கும் வந்து ரிட்டயர் ஆன மரீன். ஆபீசருக்கும் இப்படி சிப்பாயா சேர்ந்து மேல வர்றவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு நான் கேட்டேன், பதிலே சொல்லாம உள்ள போயி பழைய யூனிஃபார்ம் கோட்ட ஹேங்கரோட கொண்டு வந்தாரு. மேல கைப்பக்கம் ரேங்க் பட்டை, கீழ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல சாய்வா செவப்புல தங்கக் கலர் கோடு கோடா. ஒவ்வொரு கோடும் நாலு வருஷ சர்வீஸ், இந்தக் கோட்டுக்கு தான் ஹாஷ்மார்க்னு பேரு. எண்ணிப் பாருன்னு என் பொண்ணுகிட்ட கைய நீட்டினாரு, அவ ஆறுன்னா. ஜான்சன் சேர்ந்தப்போ அவரு கையில இந்த மாதிரி சர்வீஸ் கோடு நெறைய, ரேங்க் பட்டை கம்மி, அதனால தான் ஹாஷ்மார்க்னு பட்டப்பேரே வந்துச்சாம். தாத்தா, அந்த யூனிஃபார்ம் கோட்ட சபைக்கும் எடுத்துட்டு வந்து முன் வரிசையில ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தீங்களே, தமிழ் ஒரு வார்த்தை புரியாம! பாதி பசங்க கவனிச்சது என் பேச்ச இல்ல, உங்க கோட்ட தான்.

அடுத்து லைப்ரரி அம்மா. மரீன் கோர் சரித்திரப் பிரிவு போட்ட பழைய புக்க வேற ஊர் லைப்ரரியில இருந்து வரவழைச்சு, ரெண்டு வாட்டி டேட் நீட்டிச்சு குடுத்தாங்க. கேம்ப் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு தெரிஞ்சதே அதுல தான், அட்டையில பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி குடிசைங்க, சுத்தி காடு, கொசு, பாம்பு. பக்கத்துல இருக்கற கேம்ப் லெஜூன்ங்கற பெரிய மரீன் தளத்துக்குள்ள ஒரு வெள்ளைக்கார மரீன் கூட வந்தா தான் இந்த கறுப்பின மரீன்கள் கால் வைக்கலாம், அதே யூனிஃபார்ம் போட்டிருந்தும். லீவுல டவுனுக்கு போயிட்டு திரும்ப பஸ் ஏறணும்னா வெள்ளைக்காரங்க ஏறி முடிக்கற வரைக்கும் நிக்கணும், கடைசியில கேம்ப்ல இருந்தே லாரி அனுப்பி கூட்டிட்டு வர வேண்டியதா போச்சு.

மதுரையில இருக்கற சித்தப்பாவுக்கு ஸ்பெஷல் நன்றி. மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து வந்தவரு, நம்ம ராத்திரி அவருக்கு காலையில, தினமும் வாட்ஸப் கால்ல பாடம் எடுத்தாரு. 1943ல புதுசா சேர்றவங்களுக்கு பயிற்சி குடுக்கற வெள்ளைக்கார ட்ரில் இன்ஸ்ட்ரக்டருங்கள மாத்தி கறுப்பினத்தவரையே போட ஆரம்பிச்சாங்க, அந்த மே மாசம் மொத்த ரெக்ரூட் ட்ரெயினிங்கும் ஜான்சன் கைக்கு வந்துச்சு. நம்ம ஆளுன்னு பசங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க, ஆனா இவரு முன்ன இருந்தவங்கள விட மோசம், பிழிஞ்சு எடுத்திருக்காரு. பின்னால அவரே பழைய பசங்க முன்னாடி உங்களுக்கு நான் ராட்சசனா தான் இருந்தேன்னு ஒத்துக்கிட்டாரு. எனக்கு இத எப்படி சொல்றதுன்னே புரியல, நல்லவரா கெட்டவரா? சித்தப்பா தான் சொன்னாரு, ட்ரெயினிங் எடுத்த வெலிங்டன்ல எங்க உஸ்தாத, அதான் ட்ரில் சொல்லிக் குடுக்கறவர, பாத்தா ஒன்னுக்கு வரும்மா, ஆனா இங்க விஷயம் வேற, இந்தப் பசங்க ஒருத்தன் சொதப்பினா கூட இவங்களுக்கெல்லாம் மரீன் ஆக லாயக்கில்லன்னு சொல்ல ஆளு ரெடியா நிக்கறான், அது அந்த மனுஷனுக்கு தெரியும்னு. எனக்கு முழுசா சமாதானம் ஆகல, இப்பவும் ஆகல. ஆனா பேச்சுல அந்த இடம் தான் நல்லா வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க, அதுக்கு காரணம் சித்தப்பா.

குவாம் மேப் வரைஞ்ச ஒன்பதாங்கிளாஸ் தம்பிக்கு நன்றி. 1945ல ஜான்சன் 52வது டிஃபென்ஸ் பட்டாலியனோட சார்ஜென்ட் மேஜரா, அதாவது ஆபீசர் இல்லாதவங்கள்ல மூத்தவரா, பசிபிக் கடல்ல இருக்கற குவாம் தீவுக்கு போறாரு, அங்க காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த ஜப்பான் வீரர்களத் தேடற ரோந்துக்கு கறுப்பின மரீன்கள அனுப்பாம வச்சிருந்தாங்க. ஏன் அனுப்பலன்னு கமாண்டர்கிட்டயே கேட்டு, அனுமதி வாங்கி, அவரே 25 ரோந்துக்கு தலைமை தாங்கி போனாரு. நாப்பது வயசு ஆகப்போற மனுஷன்! தம்பி அந்த மேப்ல காட்டுக்கு அடிச்ச பச்சை கொஞ்சம் ஓவர், பரவாயில்ல.

இதுக்கப்புறம் கொரியா போர் பத்தி நான் வேகமா ஓட்டிட்டேன், டைம் இல்ல. 1959ல ரிட்டயர் ஆனாரு, மூணு படையும் சேர்த்து 32 வருஷம். 1972 ஆகஸ்ட்ல ஜாக்சன்வில்ல பழைய மான்ட்ஃபோர்ட் பாயின்ட் மரீன்கள் கூடின கூட்டத்துல பேசிக்கிட்டு இருக்கும்போதே ஹார்ட் அட்டாக் வந்து போயிட்டாரு. 1974ல அந்த கேம்புக்கே அவரு பேர வச்சு கேம்ப் ஜான்சன்னு ஆக்கிட்டாங்க. அங்க ட்ரெயினிங் எடுத்த சுமார் 20,000 பேருக்கும் சேர்த்து அமெரிக்க பார்லிமென்ட்டான காங்கிரஸ் தங்கப் பதக்கம் குடுத்தது 2012ல தான், எவ்வளவு பேரு உயிரோட இருந்து வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சாலே கடுப்பா வருது.

தமிழ்ப் பள்ளியில எதுக்கு அமெரிக்க பட்டாளத்துக் கதைன்னு ஒருத்தர் கேட்டாரு, கேள்வி தப்பில்ல. நாம இருக்கற ஊரு, நம்ம பசங்க படிக்கற ஊரு, இங்க யாரு எத அனுபவிச்சாங்கன்னு நம்ம பாஷையில பசங்களுக்கு சொல்ல ஒருத்தர் வேணும்ல. அப்படி கேட்டவரே கடைசி வரைக்கும் இருந்து நாற்காலி எல்லாம் மடிச்சு வச்சுட்டு தான் போனாரு, அவருக்கும் நன்றி.

ப்ரொஜெக்டர் சரி பண்ண அண்ணா, சுண்டல் பண்ண மூணு அக்காங்க, என் ஒத்திகைய சமையல்கட்டுல நின்னு கேட்டு கேட்டு நொந்துபோன என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் நன்றி. எட்கர் ஹஃப் பத்தியும் பேசுங்கன்னு நெறைய பேரு கேட்டீங்க, அவரும் அலபாமாக்காரர், அவரும் மான்ட்ஃபோர்ட் பாயின்ட்ல சேர்ந்து சார்ஜென்ட் மேஜர் ஆனவரு, ஜான்சனும் அவரும் ரெட்டைப் பிறவி அக்கா தங்கச்சிய கட்டிக்கிட்ட சகலைங்க வேற. கதை பிரமாதமா இருக்கும், ஆனா அடுத்த வாட்டி என்னால முடியாது, யாராவது எடுத்துக்கோங்க, நோட்ஸ் எல்லாம் நான் தரேன். லைப்ரரி புக்க மட்டும் வர்ற வெள்ளிக்குள்ள திருப்பிக் குடுக்கணும், பாக்கணும்னா அதுக்கு முன்ன வீட்டுக்கு வந்துடுங்க.