கணுக்காலை ஒருமுறை தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் குதிகால் வலி பற்றி வந்ததைப் படித்தேன். எலும்பு வளர்ச்சி, உடல் எடை, சுகர் எல்லாம் இருந்தது, நரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே புடவை விரித்துப் போடுகிறவளுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று மூன்று வருடம் ஓட்டினேன். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, சுட்ட செங்கல்மேல் எருக்க இலை, குதிகாலில் ஊசி, எல்லாம் ஆயிற்று. ஒருவர் இடுப்பு டிஸ்க் என்றார், இன்னொருவர் சுகராக இருக்கும் என்றார், எனக்குச் சுகரே கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். சரி, இனிமேல் குறையும் என்று பார்த்தால் உட்கார்ந்தாலும் எரிகிறது, படுத்தால் இன்னும் அதிகம், போர்வை பட்டாலே உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல. அதுவும் இடது காலில் மட்டும்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலால் மெல்லத் தட்டினார். பெருவிரல் வரை ஷாக் அடித்தது, அங்கே போகிற நரம்பில் கோளாறு இருந்தால் அப்படி அடிக்குமாம். முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்து டினெல் என்கிற பிரெஞ்சு டாக்டர் 1915-ல் எழுதிவைத்த சோதனையாம், பைசா செலவில்லை. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புளியங்கொட்டை அளவு கட்டி. ஷ்வானோமா என்று பெயர், நரம்பின் உறையில் மெதுவாக வளர்வது, புற்றுநோய் இல்லை. கணுக்காலில் நரம்பு நுழைந்து போகிற வழியே குறுகல், அதனால் சின்னக் கட்டியே போதும் நசுக்க. (‘கட்டி’ என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அழுதது தனிக்கதை.) நரம்பை வெட்டாமல், தோலை உரித்துக் கடலையை எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். எரிச்சல் போய்விட்டது, பாதத்தின் ஓரம் இன்னும் கொஞ்சம் மதமதப்பாக இருக்கிறது.

எல்லோரும் ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லவில்லை. இது அபூர்வமான கட்டிதான், ஸ்கேனுக்கு ஆகிற செலவும் எனக்குத் தெரியும். காலையில் முதல் அடி வைக்கும்போது வலித்து நடக்க நடக்கக் குறைந்தால் அது பெரும்பாலும் குதிகால் சவ்வு வலி, செருப்பும் பயிற்சியும் கேட்கும். ஒரே காலில் எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து ராத்திரியில் கூடுகிறது என்றால் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தட்டிப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறை குதிகால் வலி பற்றிப் போடும்போது இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
ஈரோடு