எதிர் வீட்டு அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

முழங்கால் ஜவ்வு கிழிந்து மாதக்கணக்கில் ஆடாமல் இருந்த என் மகளிடம் நேற்று மாலை மருத்துவர் "இனி கூடைப்பந்து ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். "நாளைக்கேவா?" என்று அவள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக நன்றிக்கு வருகிறேன்.

மாற்றி மாற்றிச் சாப்பாடு கொடுத்தனுப்பிய பெல்வியூ நண்பர்கள், பிசியோவுக்குக் காரில் கூட்டிப்போனவர்கள், சின்னவனைத் தங்கள் வீட்டில் தூங்க வைத்தவர்கள், ஊரிலிருந்து தினமும் பேசிய அத்தை, சித்தி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிபன் பாக்ஸ்களைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.

எதிர் வீட்டு அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சியாட்டில் ஸ்டார்ம் என்ற பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வருடக்கணக்காக சீசன் டிக்கெட் எடுப்பவர். அதுவரை எங்களுக்குள் பழக்கம் கையசைப்பதோடு சரி. ஒருநாள் லேப்டாப்போடு வந்து மகளின் கட்டிலருகே உட்கார்ந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அந்த அணிக்கு ஆடிய சூ பேர்டின் பழைய ஆட்டம் ஒன்றை ஓடவிட்டார். சூ பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும்போது சட்டென்று நிறுத்தி, "இப்போ யாருக்குக் கொடுப்பாள், சொல்லு" என்றார். மகள் வலப்பக்கம் ஓடியவளைக் காட்டினாள். மறுபடி ஓடவிட்டார். சூ வலப்பக்கம் பார்த்தது உண்மைதான், பார்வை மட்டும்தான் போனது. தடுக்க நின்றவள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் பந்து இடது மூலைக்குப் போய்விட்டது. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்த பெண், "இன்னொரு தடவை போடுங்க" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் வாரா வாரம் இதேதான். 2022-ல் ஓய்வு பெற்றபோது சூவின் கணக்கில் 580 ஆட்டங்கள், 3,234 அசிஸ்ட்கள், அதாவது சக வீராங்கனை கூடை போட வழிசெய்த பாஸ்கள். இரண்டுமே அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சாதனை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எட்டு ஆட்டங்கள் ஆடியதுமே இதே முழங்கால் ஜவ்வு அவருக்கும் கிழிந்தது. 2013, 2019 சீசன்களும் முழங்காலுக்கே போயின. இதையெல்லாம் அந்த அம்மா ஆறுதலாக எடுத்துச் சொல்லவே இல்லை. மகளே தேடிப் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

2018 அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டத்தை மூவரும் சேர்ந்து பார்த்தோம். மூக்கு உடைந்து முகக்கவசத்தோடு ஆடிய 37 வயது சூ, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 14 புள்ளிகள். முடிவு தெரிந்த ஆட்டம்தான், இருந்தும் கத்திவிட்டேன்.

அத்தனை மாதமும் என் பெண்ணை, பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை வழிநடத்தும் ஒரு பாயின்ட் கார்டாகவே நடத்தியவர் அவர். பந்தைத் தொடாமலே அவள் ஆட்டம் வளர்ந்தது.

அம்மா, இதை மகள் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வாள். வரும் சீசனில் உங்களை அரங்குக்குக் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு. நண்பர்களே, நம் வட்டத்தில் எந்தப் பிள்ளை அடிபட்டுப் படுத்தாலும் எனக்குச் சொல்லுங்கள். சாப்பாடு நான் கொண்டுவருகிறேன், மகள் லேப்டாப்போடு வருவாள்.