ஜமக்காளத்தில் 74 ஆண்டு வெயில்: பவானி நெசவாளர் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

வெப்பக் கோடுகளை ஜமக்காளத்தில் நெய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-ல் பரப்பிய படம் அது. ஆண்டுக்கு ஒரு கோடு. சராசரியைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. குறுக்கு நூலான ஊடை, நெடுக்கு நூலான பாவு தெரியாமல் மூடி நிற்கும் உங்கள் பட்டை நெசவுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கிறது.

முதலில் கணக்கு, அப்புறம் நூல். நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து இந்திய வானிலைத் துறை தரும் வெப்பநிலைத் தரவு 1951-லிருந்து இருக்கிறது. பவானிக்குப் பக்கத்துப் புள்ளி வடக்கு 11.5, கிழக்கு 77.5. தினசரி உச்சம், தாழ்வு இரண்டையும் வைத்து ஆண்டுச் சராசரி எடுத்து, அதிலிருந்து 1961–1990 சராசரியைக் கழியுங்கள். இடையில் வரும் 99.9 வெயில் அல்ல, அன்றைக்குத் தரவு இல்லை என்பதன் குறி. அதை நீக்காமல் கூட்டினால் சாதாரண வருஷம்கூடக் கருஞ்சிவப்பாகிவிடும்.

கழித்து வரும் வித்தியாசத்தில் கால் டிகிரிக்கு ஒரு நிறம்: நீலத்தில் நான்கு, சிவப்பில் நான்கு. கடைசிச் சிவப்பிலேயே பல ஆண்டுகள் குவிந்தால் படியை அகலப்படுத்துங்கள். ஓரூர்த் தரவு உலகச் சராசரி போல வழவழப்பாக வராது. சிவப்புகளுக்கு நடுவே ஒரு நீலம் வந்தால் வந்ததுதான். அழகுக்காக நகர்த்த வேண்டாம்.

1951 முதல் 2024 வரை 74 பட்டை, தலைக்கு ஓர் அங்குலம். இரு முனைக்கும் மும்மூன்று அங்குலம் சேர்த்தால் 80. தறியில் இழுவிசையோடு டேப் பிடித்து அளந்தால், இறக்கியதும் சுருங்கி ஏமாற்றும். நிறத்துக்கு ஒரு மாதிரி நெய்து, இறக்கி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணி எழுதிவையுங்கள்; சாயமேறிய நூலின் பருமன் நிறத்துக்கு நிறம் மாறும். ஊடையை நெருக்கும் அடி தளரவே கூடாது. வெள்ளைப் பாவு எட்டிப் பார்த்தால் அடர்நீலம் வெளிர்நீலமாகத் தெரியும், குளிர்ந்த ஆண்டு கணக்கில் சூடாகிவிடும்.

ஒரு முனையில் எட்டு நிறத்தையும் வரிசையாக நெய்துவிடுங்கள். அந்த விளக்கப் பட்டை இல்லாவிட்டால் சந்தையில் அது இன்னொரு ஜமக்காளம், அவ்வளவுதான்.

சாயம்தான் பெரிய விஷயம். பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு நிறைய வேண்டும், அடர்நிறத்துக்கு இன்னும் அதிகம். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, கழிவுநீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால்தான்; அதை உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறையில் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் வேண்டிய நூல் முழுவதையும், சேதாரம் சேர்த்து, ஒரே தடவையில் ஏற்றி வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி ஏற்றினால் அந்தச் சிவப்பு இந்தச் சிவப்போடு ஒத்துவராது.

அன்புடன்,
உங்கள் தம்பி