நீல டிரம் வாங்கும் முன்

தாராவி குழு உறவுகளே, வணக்கம். தண்ணீர் பிடிக்கப் பழைய 200 லிட்டர் நீல டிரம் வாங்குகிறவர்கள் முதலில் லேபிளைப் பாருங்கள். நேற்று ஒரு கடையில் பார்த்த டிரம்மில் லேபிளைச் சுரண்டிய பசைதான் மிச்சம். மூடியைத் திருகினேன், தின்னர் வாடை மூக்கை எரித்தது. எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக் இழுத்துக்கொண்ட ரசாயனம் மெல்லத் தண்ணீரில் இறங்கும். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், அக்கா! உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

அப்புறம், பட்டறை அண்ணன்மாருக்கு: அபாயகரமான ரசாயனம் ஒட்டிய காலி டிரம், மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயக் கழிவு. கழுவிச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடமே கொடுங்கள். இரும்பு டிரம்மைக் கேஸ் கட்டரால் அறுக்கவே வேண்டாம், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.