எர்த் வயரைப் பார்க்காமல் ஈசிஎம் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்
போர்வெல் மோட்டார் மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.
(பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவை இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 12.05.2025

பொருள்: தேவையில்லாமல் ஈசிஎம் மாற்றியது, மாற்றியதையும் அரைகுறையாக விட்டது – பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என்னிடம் இருப்பது உங்கள் கம்பெனியின் 2018 மாடல் பிஎஸ்-4 டீசல் வண்டி. பின்னால் மூடிய பாடி கட்டி, செயின் பிளாக், முக்காலிப் பைப்புகள், கேபிள் சுருள் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறேன். கள்ளிமந்தையம், தொப்பம்பட்டி பக்கத் தோட்டங்களில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவதும் தூக்குவதும் என் தொழில். வண்டியை நானே ஓட்டுகிறேன். ஆள் வைத்து ஓட்டவில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மார்ச் மாதம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்க ஆரம்பித்தது. செக் என்ஜின் லைட் எரியும், டேஷ்போர்டுக்குக் கீழே ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) டக் டக் என்று அடிக்கும், என்ஜின் அணைந்துவிடும். சாவியை ஆஃப் செய்து போட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பகலில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இருட்டி ஹெட்லைட் போட்ட பிறகு, குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில்தான் நிற்கும். இதை அப்படியே உங்கள் திண்டுக்கல் சர்வீஸ் சென்டர் அட்வைசரிடம் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் எழுதியது “என்ஜின் ஆஃப் ஆகிறது” என்று மட்டும். ஹெட்லைட்டும் இல்லை, குலுக்கலும் இல்லை.

ஸ்கேனர் போட்டார்கள். ஈசிஎம் போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்றார்கள். ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 41,300 ரூபாய் கட்டி வண்டியை எடுத்தேன். அதே வாரம் அம்பிளிக்கை ரோட்டில், ராத்திரி, ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போது வண்டி நின்றது. அதே டக் டக்.

திரும்பப் போனால், “புது ஈசிஎம் போட்டாச்சு, இனி டீசல் பம்பைப் பார்க்கணும், அதற்குத் தனி எஸ்டிமேட்” என்றார்கள். சரி, இனி நாமே பார்ப்போம் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறு முனையை ஈசிஎம்மின் எர்த் இறங்கும் பாடி போல்ட்டில் வைத்தேன். ஹெட்லைட்டும் புளோயரும் ஓடும்போது அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 1.8 வோல்ட் காட்டியது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஸ்டிராப்பை, அதாவது எர்த் வயரை, கையால் அசைத்தால் 4, 5 என்று துள்ளியது, ரிலேயும் கூடவே அடித்தது. பேட்டரி ட்ரேயைக் கழற்றினேன். அடியில் அந்த ஸ்டிராப்பின் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) பச்சையாகப் பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. போல்ட் தலையில் வருடக்கணக்கான புழுதி கலையாமல் அப்படியே இருந்தது. அதில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. போட்டோ இணைத்திருக்கிறேன். புது ஸ்டிராப், லக், போல்ட் எல்லாம் சேர்த்து 350 ரூபாய். அதன் பிறகு ஒரு முறைகூட வண்டி நிற்கவில்லை.

இதில் என்னை அதிகம் கோபப்படுத்தியது உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்தான். ஈசிஎம் மாற்றுவதற்கு முன் எடுத்த அந்தத் தாளில் இரண்டு கோளாறுக் கோடுகள் (குறியீட்டு எண்கள்) இருக்கின்றன: பி 0562, பி 0606. இரண்டாவது ஈசிஎம் பிராசஸர் கோளாறு. முதலாவது என்ன? சப்ளை வோல்டேஜ் குறைவு. கரண்ட் சரியாக வராத கம்ப்யூட்டர் தன்னைப் பற்றியே கோளாறு சொல்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வோல்டேஜ் குறைவு என்று வண்டியே சொல்லியிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு விவசாயி மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டால், மூன்று ஃபேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் காண்டாக்ட் சரியா என்று பார்த்த பிறகுதான் நான் மோட்டாரைத் தூக்குவேன். பார்க்காமல் புது மோட்டார் இறக்கினால் அதுவும் எரியும், அந்த ஊருக்குள் நான் மறுபடி போக முடியாது.

வேண்டாத ஈசிஎம்மையாவது ஒழுங்காகப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. காமன் ரெயில் வகை டீசல் என்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசல் பாய்ச்சும் அளவில் துளி வித்தியாசம் இருக்கும். அதற்கான திருத்தக் கோடு (குறியீட்டு எண்) இன்ஜெக்டர் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஈசிஎம் மாற்றினால் அந்தக் கோடுகளைப் புதியதில் எழுத வேண்டும். என் வண்டியில் எழுதவில்லை. ஐடிலிங்கில் என்ஜின் குலுங்குகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை, டொக் டொக் சத்தம். வெளியில் ஒருவரிடம் ஸ்கேனர் போட்டபோது மூன்று இன்ஜெக்டர் கோடுகளும் காலியாக இருப்பது தெரிந்தது. அப்புறம் சாவி. இம்மொபிலைசரில் (பதிவான சாவிக்கு மட்டும் வண்டி எடுக்கும் திருட்டுத் தடுப்பு) ஒரு சாவியைத்தான் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்றைப் போட்டால் வண்டி எடுப்பதே இல்லை.

சர்வீஸ் மேனேஜரிடம் பேசினேன். எலக்ட்ரிக்கல் பாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை, அது ரூல் என்றார். பழைய ஈசிஎம் எங்கே என்றால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார். வாரண்டியில் மாற்றவில்லை, பில்லில் எக்ஸ்சேஞ்ச் கழிவும் இல்லை. முழுப் பணம் கொடுத்து மாற்றிய பிறகு பழையது என் பொருள். எந்த உரிமையில் அனுப்பினார்கள்? கடைசியாக, “இது கமர்ஷியல் வண்டி, நுகர்வோர் கோர்ட்டெல்லாம் செல்லாது” என்றும் சொல்லி அனுப்பினார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் சொல்கிறது. வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று முதலில் எழுதியது இதற்காகத்தான்.

இன்ஜெக்டர் கோடுகளையும் இரண்டாவது சாவியையும் இந்த வாரமே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். வாங்கிய 41,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஈசிஎம் உண்மையிலேயே பழுது என்று நீங்கள் சொன்னால் ஒரு வழி இருக்கிறது: பழையதைக் கொண்டுவந்து, இப்போதிருக்கும் நல்ல எர்த்தில், என் கண் முன்னால் மாட்டுங்கள். வண்டி ஓடாவிட்டால் பணத்தைப் பற்றி நான் பேசவே மாட்டேன். ஓடினால் உங்கள் புது ஈசிஎம்மை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

15 நாட்களில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

பில், ஜாப் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட் நகல்களும், ஸ்டிராப்பின் போட்டோக்களும் இணைத்துள்ளேன். அறுந்த ஸ்டிராப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆட்கள் வந்தால் காட்டுகிறேன். போன் செய்வதானால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் செய்யுங்கள், பகலில் கிணற்றடியில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)