ஆவி பிடிக்கப் போனவன் எழுதும் கடிதம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதங்களாகியும் பதில் எழுதாததற்கு நான் சொல்லும் எந்தக் காரணத்தையும் நீ நம்பப்போவதில்லை என்பதால், ஒன்றையும் சொல்லாமல் விடுகிறேன். இங்கு அனைவரும் நலம். சரசுவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கோயில் நடையும் நிற்கவில்லை.

மகனுடைய அடுக்குமாடிக் கொண்டோவில் நீராவி அறை இருப்பதாகவும், உன் ஆஸ்துமா இழுப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் தினமும் அரை மணி நேரம் அதில் உட்காரப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சிரித்தேன். சென்ற வியாழக்கிழமை அப்படிப்பட்ட ஓர் அறையிலிருந்து மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நானே வெளியே வந்த பிறகு, சிரிப்பு அடங்கிவிட்டது.

மருமகனின் அலுவலகத்துக்கு வந்திருந்த பின்லாந்துக்காரர் ஒருவர் தங்கியிருந்த விடுதிக்குப் போயிருந்தோம். நீராவி அறைக்குள் நுழைந்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. யூக்கலிப்டஸ் தைலத்தை யாரோ அளவில்லாமல் ஊற்றியிருந்தார்கள். இழுத்த மூச்சு பாதி வழியிலேயே நின்றுவிட்டதைப் போலிருந்தது. காற்று போதவில்லை என்று பயந்து, வாயைத் திறந்து வேகவேகமாக இழுக்கத் தொடங்கினேன். அதுதான் நான் செய்த தவறு. தொண்டை எரிந்தது, தலை கிறுகிறுத்தது, படக்கென்று எழுந்ததும் கண் இருண்டது.

வெளியே தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு, அந்தப் பின்லாந்துக்காரர் பொறுமையாக விளக்கினார். நீராவி அறையின் வெப்பம் 40 முதல் 50 பாகை வரைதான். ஆனால் ஈரப்பதம் ஏறக்குறைய 100 விழுக்காடு. நம் உடல் 37 பாகையில் இருப்பதால் அந்த ஆவி தோலிலும் மூக்கிலும் தொண்டையிலும் நீராகப் படிகிறது. படியும்போது தான் சுமந்து வந்த வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. வியர்வை உலர வழியில்லாததால் உடலும் தணிவதில்லை. மழைக்கு முந்திய கோலாலம்பூர்ப் பிற்பகலை ஓர் அறைக்குள் அடைத்து, மேலும் பத்துப் பாகை கூட்டினால் எப்படியிருக்குமென்று எண்ணிக்கொள். அவர்கள் ஊர்ச் சவுனா என்னும் வெப்பக் குளியல் அறையோ 80 முதல் 100 பாகை வரை சூடேறினாலும் உலர்ந்தது. அந்தக் காற்று மூக்கின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே போவதற்குள் தணிந்துவிடுகிறது. மூச்சு முட்டுவதற்கு உயிர்வளிக் குறைவு பெரிய காரணமில்லையாம். சூட்டைத் தணிக்க இதயம் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் துடிப்பதால், உட்கார்ந்த இடத்திலேயே கொடிமலை ஏறுகிறவனைப் போல மூச்சு வாங்குகிறது.

சவுனாவில் சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவிக்கு அவர்கள் மொழியில் ‘லொய்லு’ என்று பெயர். பழங்காலத்தில் அச்சொல்லுக்கு உயிர்மூச்சு என்றும் பொருளாம். நம் ‘ஆவி’யும் அப்படித்தானே என்றேன். மனிதர் மகிழ்ந்துபோனார். ரப்பர் கொட்டகையில் நீ பார்த்த ஆவியைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது விளையாட்டில்லை. சூடான ஈரக் காற்றே சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். தைல நெடியும் அப்படியே. அடைத்த மூக்குக்கு ஆவி சற்று இதமாக இருக்கலாம், ஆனால் டாக்டர் தந்த மருந்தின் இடத்தை அது பிடிக்காது. 2015 புகைமூட்டத்தில் நீ பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆகவே முதலில் டாக்டரைக் கேள். அவர் சம்மதித்தால் மட்டும், தைலம் ஊற்றாத நாளில், கதவுக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார். சூடு மேலேதான் திரளும். வாயை மூடி மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடு. நனைத்த சிறு துண்டை மூக்கருகே பிடித்தால் இன்னும் எளிது. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ வெட்கப்படாமல் வெளியே வா. ஆனால் என்னைப் போல் படக்கென்று எழாதே. இழுப்புக்கு மருந்து உறிஞ்சும் உன் நீலப் பம்ப்பை உள்ளே கொண்டுபோகாதே. அழுத்தத்தில் அடைத்த அந்தக் குப்பி 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. வெளியே, துணைக்கு வருபவர் கையில் இருக்கட்டும். தனியாகப் போகாதே. பீர் குடித்துவிட்டுப் போகவே போகாதே.

இன்னொன்று. யார் அதிக நேரம் தாங்குவது என்ற போட்டி வேண்டாம். பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் உலகச் சவுனாப் போட்டி என்றே ஒன்றை நடத்தினார்கள். 2010 இறுதிச் சுற்றில், 110 பாகையில், ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் இருவர் சரிந்தார்கள். அவர்களுள் ரஷ்யர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவேயில்லை. தோட்டத்து ஆற்றில் மூழ்கித் தம் பிடித்த உன்னை எனக்குத் தெரியும். உதடு நீலமான பிறகும் நீ மேலே வரவில்லை.

வரும் சனிக்கிழமை ரயிலேறிப் பட்டர்வொர்த் வருகிறேன். அதுவரை அந்த அறைப் பக்கம் போகாதே. டாக்டரிடம் சேர்ந்தே போவோம். அவர் சரியென்றால் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கதவுக்கு வெளியே உன் பம்ப்போடும் என் கைக்கடிகாரத்தோடும் நான் நிற்கிறேன். நேரம் எண்ணுவதற்குத் துரைராஜுவைக் கூப்பிடாதே. ஆற்றில் அவன் எண்ணிய கணக்கே இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
கதிரேசன்